எச்.ஐ.வி. சிகிச்சையில் இருப்பவருக்கு ரத்தசோகை: காரணத்தைக் கண்டறிவது முதல் மருந்தை மாற்றுவது வரை

எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து எடுத்துக்கொள்ளும் ஒருவருக்கு ஹீமோகுளோபின் குறைந்திருப்பதாக அறிக்கை வந்தால், பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. வேறு எதையும் பார்க்காமல் இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தரப்படுகிறது. அல்லது, "இந்த மாத்திரைதான் ரத்தத்தைக் குறைக்கிறது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு நோயாளியே கூட்டு மருந்தை மொத்தமாக நிறுத்திவிடுகிறார். முதலாவது காலத்தை வீணாக்குகிறது. இரண்டாவது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். ரத்தசோகை தன்னளவில் ஓர் அறிகுறி மட்டுமே. அதன் அடியில் ஒரு மருந்தோ, மறைந்திருக்கும் காசநோயோ, ரத்தக்கசிவோ, எச்.ஐ.வி. கிருமியோ இருக்கலாம், பல நேரங்களில் இவற்றில் இரண்டு சேர்ந்தே இருக்கும். ஆகவே எந்த வரிசையில் கேள்விகளைக் கேட்டால் காரணம் பிடிபடும் என்பதையே இந்த வழிகாட்டி படிப்படியாக விளக்குகிறது. சிகிச்சை முடிவுகள் மருத்துவருடையவை. ஆனால் அவர் கேட்கப்போகும் கேள்விகளை முன்கூட்டியே அறிந்து செல்லும் நோயாளிக்குப் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

படி 1: எண்ணைச் சரியாகப் படித்தல்

உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு ஆண்களுக்கு 13 கிராமுக்கும், கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12 கிராமுக்கும் கீழே இருந்தால் அது ரத்தசோகை. இவ்விரு பிரிவினருக்கும் 8 முதல் 10.9 வரை மிதமானது என்றும், 8-க்குக் கீழ் கடுமையானது என்றும் கொள்ளப்படுகிறது. கர்ப்பிணிகளுக்கு வரம்புகள் சற்றுத் தளர்வானவை. அவர்களுக்கு 7-க்குக் கீழ் போனால்தான் கடுமையானது என்ற கணக்கில் வரும். புகைபிடிப்பவர்களுக்கும் உயரமான மலைப்பகுதியில் வாழ்பவர்களுக்கும் இயல்பாகவே அளவு கூடுதலாக இருக்கும் என்பதால், அவர்களுடைய எண்ணை அதற்கேற்பச் சற்றுக் குறைத்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒற்றை எண்ணைவிட அது எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்பதே அதிகம் பேசும். சிகிச்சை தொடங்கும் முன்பே 10.5 இருந்து, இப்போதும் 10.4 இருப்பவரின் நிலையும், 13.8-லிருந்து 10.4-க்கு இறங்கியவரின் நிலையும் ஒன்றல்ல. எனவே பழைய அறிக்கைகளைத் தூக்கி எறியாமல் தேதி வாரியாக வைத்திருப்பது அவசியம். சிகிச்சை தொடங்கும் முன் எடுத்த முதல் அறிக்கை குறிப்பாக முக்கியம்.

படி 2: காத்திருக்கலாமா, கூடாதா

மெதுவாக இறங்கும் ரத்தசோகைக்கு உடல் வியக்கத்தக்க அளவுக்குப் பழகிவிடுகிறது. ஹீமோகுளோபின் 7 இருந்தும் வீட்டுவேலைகளைச் செய்துகொண்டிருப்பவர்கள் உண்டு. "கொஞ்சம் அசதி" என்று மட்டுமே சொல்வார்கள். அதே 7-க்கு ஒரு வாரத்தில் இறங்கியவரால் எழுந்து நிற்கவே முடியாது. ஓய்வில் இருக்கும்போதே மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம், ஓயாத படபடப்பு, தார் போன்ற கறுப்பு மலம் அல்லது மலத்தில் ரத்தம், அடர்ந்த தேநீர் நிறத்தில் சிறுநீர், கண் மஞ்சளாதல், விடாத காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் அடுத்த மாதச் சந்திப்புக்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இந்த இடத்தில் ஓர் எளிய கணக்கு மிகவும் உதவும். ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். அப்படியானால், ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை தன் உற்பத்தியை அடியோடு நிறுத்திவிட்டால்கூட, ஒரு நாளைக்கு நூற்றிருபதில் ஒரு பங்குதான் குறையும். 12 கிராம் உள்ளவருக்கு அது நாளொன்றுக்கு 0.1 கிராம், வாரத்துக்கு முக்கால் கிராமுக்கும் குறைவு. ஆகவே ஒரே வாரத்தில் 3 கிராம் இறங்கியிருந்தால், மஜ்ஜையை ஒடுக்கும் மருந்தின் மேல் பழிபோட்டுவிட்டு அமைதியாக இருக்க முடியாது. எங்கோ ரத்தம் வெளியேறுகிறது, அல்லது சிவப்பணுக்கள் ரத்த ஓட்டத்திலேயே உடைகின்றன. இந்த ஒரு கணக்கு பல தவறான முடிவுகளைத் தடுக்கும்.

படி 3: நாட்காட்டியையும் மாத்திரை அட்டையையும் அருகருகே வைத்தல்

எந்த மருந்து எந்தத் தேதியில் தொடங்கப்பட்டது என்ற பட்டியலே இந்தத் தேடலின் அச்சாணி. பெரும்பாலான நோயாளிகளுக்குத் தாங்கள் விழுங்கும் மாத்திரையின் பெயர் தெரியாது. இரண்டு மூன்று மருந்துகள் ஒரே மாத்திரைக்குள் இருப்பதால், "காலையில் ஒன்று, இரவில் ஒன்று" என்றுதான் சொல்வார்கள். அது அவர்கள் குற்றமும் இல்லை. மாத்திரை அட்டையையோ புட்டியையோ எடுத்து, அதில் "ஜிடோவுடின்" என்ற பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய குறிப்புகளில் இது ஏ.இசட்.டி. என்ற சுருக்கப்பெயரிலும் இருக்கும். இது அடங்கிய இன்றைய வழக்கமான கூட்டு மாத்திரையில் 300 மி.கி. ஜிடோவுடினும் 150 மி.கி. லாமிவுடினும் இருக்கும், நாளைக்கு இருவேளை எடுக்கப்படுகிறது.

எச்.ஐ.வி.க்கென 1987-இல் முதன்முதலாக அனுமதி பெற்ற மருந்து ஜிடோவுடின்தான். அதே ஆண்டு வெளியான அதன் முதல் பெரிய ஆய்வில், நோய் முற்றியிருந்தவர்களுக்கு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 250 மி.கி. வீதம் நாளைக்கு 1500 மி.கி. கொடுக்கப்பட்டது. மருந்து பெற்றவர்களில் 24 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 4 சதவீதத்தினருக்கும் ஹீமோகுளோபின் 7.5-க்குக் கீழே போனது. இன்றைய 600 மி.கி. அளவில் பாதிப்பு அதைவிட மிகக் குறைவு. ஆயினும் அறவே இல்லாமல் போய்விடவில்லை. டி.என்.ஏ.வைக் கட்ட உதவும் தைமிடின் என்ற மூலக்கூறைப் போல வேடமிட்டு வைரஸை ஏமாற்றும் இந்த மருந்து, ஓயாமல் பிரிந்து பெருகும் மஜ்ஜை செல்களையும் ஓரளவு ஏமாற்றிவிடுகிறது என்பதே இதன் அடிப்படை.

ஜிடோவுடினால் வரும் ரத்தசோகை சில வாரங்களிலேயே தொடங்கலாம். பெரும்பாலும் முதல் 3 முதல் 6 மாதங்களுக்குள் தெரிந்துவிடும். தொடங்கும்போதே ரத்தசோகை இருந்தவர்கள், நோய் எதிர்ப்பாற்றலைக் காட்டும் சிடி4 அணுக்களின் எண்ணிக்கை மிகவும் குறைந்தவர்கள், எடை குறைந்தவர்கள், வயது முதிர்ந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். பல ஆண்டுகளாகச் சிக்கலின்றி இதே மருந்தில் இருப்பவருக்குத் திடீரென்று ஹீமோகுளோபின் குறைந்தால், பழக்கமான குற்றவாளியைப் பிடிப்பதோடு நின்றுவிடாமல் வேறு காரணத்தையும் தேட வேண்டும்.

டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்றும் சேர்ந்த சிகிச்சையே இப்போது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு முதல் தேர்வாகப் பரிந்துரைப்பது. இந்த மூன்றில் எதுவும் வழக்கமாக ரத்தசோகையை உண்டாக்குவதில்லை. லாமிவுடினால் சிவப்பணு உற்பத்தி மட்டும் நின்றுபோனதாக மிக அரிதாகப் பதிவுகள் உண்டு. ஆகவே இந்தக் கூட்டில் இருப்பவருக்கு ரத்தசோகை வந்தால், கூட்டு மருந்தைச் சந்தேகிப்பது கடைசி வேலையாக இருக்கட்டும். ஒரே விதிவிலக்கு, டெனோஃபோவிர் சிறுநீரகத்தைப் பாதித்திருக்கிறதா என்பது. சிறுநீரகம் நலிந்தால் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் சுரப்பு குறையும்.

படி 4: கூட்டு மருந்துக்கு வெளியே இருக்கும் மருந்துகள்

நடைமுறையில் அதிகம் தவறவிடப்படுவது இதுதான். நிமோனியா வராமல் தடுக்கக் கொடுக்கப்படும் கோட்ரைமாக்சசோல், ரத்த உற்பத்திக்குத் தேவையான ஃபோலேட் என்ற வைட்டமினின் செயல்பாட்டில் குறுக்கிடுகிறது. தடுப்பு அளவில் இதனால் ரத்தசோகை வருவது அரிது. ஆனால் நிமோனியா சிகிச்சைக்குத் தரப்படும் உயர் அளவில் அடிக்கடி பார்க்கலாம். கோட்ரைமாக்சசோல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தரப்படும் டாப்சோன் வேறு வழியில் வேலை செய்கிறது: அது சிவப்பணுக்களை உடைக்கும். ஜி6பி.டி. என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு இது சில நாட்களிலேயே கடுமையாகிவிடும் என்பதால், இயன்ற இடங்களில் டாப்சோன் தொடங்கும் முன்பே அந்தப் பரிசோதனையைச் செய்துவிடுவது நல்லது.

விழித்திரையைத் தாக்கும் சைட்டோமெகலோ வைரஸுக்கான கான்சைக்ளோவிர், வால்கான்சைக்ளோவிர். மருந்துக்கு அடங்காத காசநோய்க்கான லினசோலிட். பூஞ்சை மூளைக்காய்ச்சலுக்கான ஆம்ஃபோடெரிசின், ஃப்ளூசைட்டோசின். ஹெபடைடிஸ் சி சிகிச்சையில் பயன்பட்ட ரிபாவிரின் ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும். ஜிடோவுடினுடன் இவற்றில் ஒன்று சேரும்போது பாதிப்பு மேலும் கூடும். ரிபாவிரினையும் ஜிடோவுடினையும் சேர்த்துக் கொடுப்பதைத் தவிர்க்கவே வேண்டும். மூட்டுவலிக்காகக் கடையில் தாமாகவே வாங்கிப் போடும் வலிநிவாரணிகளையும் கேட்டுப் பட்டியலில் எழுதுங்கள். அவை இரைப்பையில் புண்ணாக்கி, நோயாளிக்கே தெரியாமல் ரத்தத்தைக் கசியவிடும்.

படி 5: ரத்தப் பரிசோதனை அறிக்கையை வரி வரியாகப் படித்தல்

ஹீமோகுளோபின் வரியோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அதற்குக் கீழே இருக்கும் எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரிப் பருமன், காரணத்தைச் சுட்டிக்காட்டும் விரல். 80-க்குக் கீழ் இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு அல்லது தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு. 100-க்கு மேல் இருந்தால் ஜிடோவுடின், பி12 அல்லது ஃபோலேட் குறைவு, மது, கல்லீரல் நோய். இடைப்பட்டிருந்தால் நாள்பட்ட அழற்சி, சிறுநீரக நோய், அண்மைய ரத்தக்கசிவு. இதோடு இளம் சிவப்பணு எண்ணிக்கையையும், அதாவது ரெட்டிகுலோசைட் கணக்கையும், கேட்டு வாங்க வேண்டும். அது வழக்கமான ரத்த எண்ணிக்கை அறிக்கையில் தானாக வருவதில்லை. மஜ்ஜை வேலை செய்யவில்லையா, அல்லது அது வேகமாகச் செய்தும் ரத்தம் வேறெங்கோ இழக்கப்படுகிறதா என்பதை அந்த ஒரு எண் பிரித்துக் காட்டிவிடும்.

விளக்கத்துக்காக ஓர் அறிக்கையைக் கற்பனை செய்துகொள்வோம். 42 கிலோ எடையுள்ள ஒரு பெண், சிடி4 140, ஜிடோவுடின் அடங்கிய கூட்டு மருந்து தொடங்கிப் பத்தாவது வாரம். தொடக்கத்தில் ஹீமோகுளோபின் 11.2, இப்போது 6.8. எம்.சி.வி. 88-லிருந்து 111-க்கு ஏறியிருக்கிறது. இளம் சிவப்பணுக்கள் 0.3 சதவீதம். வெள்ளணுக்கள் 3,100, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 2.3 லட்சம். காய்ச்சல் இல்லை, மலம் இயல்பு, கண்ணில் மஞ்சள் இல்லை. இதை எப்படிப் படிப்பது? பத்து வாரத்தில் 4.4 கிராம் இறக்கம், நாம் முன்பு போட்ட கணக்குக்குள் அடங்குகிறது. ஆகவே உற்பத்தி தடைபட்டதே இதை விளக்கப் போதும். இவ்வளவு ரத்தசோகைக்கு நல்ல மஜ்ஜை இளம் சிவப்பணுக்களை அள்ளிக் கொட்ட வேண்டும், 0.3 என்பது அது முடங்கிவிட்டதைச் சொல்கிறது. செல்கள் பெருத்திருக்கின்றன, வெள்ளணுவும் சற்றுக் குறைந்திருக்கிறது, தட்டணு அப்படியே இருக்கிறது. காலமும் பொருந்துகிறது. இங்கே இரும்பு மாத்திரை கொடுத்து ஒரு மாதம் காத்திருப்பது வெறும் காலவிரயம்; மாற்ற வேண்டியது ஜிடோவுடினை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஜிடோவுடின் எடுப்பவர்களில் பெரும்பாலோருக்கு ரத்தசோகை இல்லாவிட்டாலும் எம்.சி.வி. ஏறும். ஆகவே ஹீமோகுளோபின் சரியாக இருந்து, எம்.சி.வி. மட்டும் 110 என்று வந்தால் பதற வேண்டியதில்லை; மாத்திரையை ஒழுங்காக எடுக்கிறார் என்பதற்கு அது ஒரு மறைமுகச் சான்றாகவே கொள்ளப்படுவதுண்டு. மறுபுறம், மாதக்கணக்கில் ஜிடோவுடினில் இருந்தும் எம்.சி.வி. 78 என்று வந்தால் யோசிக்க வேண்டும்: மாத்திரையை விட்டு விட்டு எடுக்கிறாரா, அல்லது இரும்புக் குறைவு அந்த ஏற்றத்தை மறைக்கிறதா?

இரும்பின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் இவர்களிடம் எளிதில் ஏமாற்றும். உடலில் அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே உயரும் என்பதால், நலமானவர்களுக்கு 15-ஆக இருக்கும் குறைவு வரம்பை, தொற்றோ அழற்சியோ உள்ள பெரியவர்களுக்கு 70 என்று வைத்துப் பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அழற்சியின்போது ஹெப்சிடின் என்ற ஹார்மோன், குடலில் இரும்பு உறிஞ்சப்படுவதையும் கையிருப்பு வெளியே வருவதையும் ஒருசேரப் பூட்டிவிடுகிறது. இரும்பு இருந்தும் மஜ்ஜைக்குக் கிடைப்பதில்லை. கட்டுப்படாத எச்.ஐ.வி.யால் வரும் ரத்தசோகையில் பெரும்பங்கு இந்த வகைதான். அதற்கான மருந்து கூட்டு மருந்தே. வைரஸ் அளவு அடங்கிய பின் 6 முதல் 12 மாதங்களில் பெரும்பாலோருக்கு ஹீமோகுளோபின் மெல்ல ஏறிவிடும். ரத்தசோகையைக் காரணம் காட்டிக் கூட்டு மருந்தை நிறுத்துவது எவ்வளவு முரணானது என்பது இதிலிருந்தே விளங்கும்.

படி 6: மறைந்திருக்கும் தொற்றைத் தேடுதல்

இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை: இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் காசநோய் இல்லை என்று உறுதியாகும்வரை தேட வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவருக்குக் காசநோய் நுரையீரலை விட்டுவிட்டு நிணநீர்க்கணு, கல்லீரல், மஜ்ஜை என்று பரவியிருக்கலாம். மார்பு எக்ஸ்ரே தெளிவாக இருப்பது முழு ஆறுதல் ஆகாது. சிடி4 50-க்கும் கீழே உள்ளவருக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, எடை இழப்பு ஆகியவற்றோடு ரத்தசோகையும் சேர்ந்தால், காசநோயின் உறவான ஏவியம் வகை நுண்கிருமியையும் நினைக்க வேண்டும்.

இளம் சிவப்பணுக்கள் ஏறத்தாழப் பூஜ்யமாக இருந்து, வெள்ளணுவும் தட்டணுவும் இயல்பாக இருந்தால் பார்வோ வைரஸ் பி19 சந்தேகத்துக்குரியது. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவரின் உடல் எதிர்ப்பொருளைச் சரிவர உருவாக்காது என்பதால், எதிர்ப்பொருள் பரிசோதனை இல்லை என்று சொன்னாலும் நம்பிவிட முடியாது. வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். தேவை. இதற்கு நரம்பு வழி ஏற்றப்படும் இம்யூனோகுளோபுலின், அதாவது எதிர்ப்பொருள் மருந்து, நல்ல பலன் தரும். மூன்று வகை அணுக்களும் சேர்ந்து குறைந்திருந்தால் மஜ்ஜைப் பரிசோதனைக்குத் தயங்கக் கூடாது. பரவிய காசநோயும், பூஞ்சைத் தொற்றும், நிணநீர்ப் புற்றுநோயும் சில நேரம் அங்கேதான் முதலில் பிடிபடுகின்றன.

எச்.ஐ.வி. இருப்பதாலேயே மற்றவர்களுக்கு வரும் சாதாரணக் காரணங்கள் இவர்களுக்கு வராமல் போய்விடுவதில்லை. மிகுதியான மாதவிடாய், கொக்கிப்புழு, மூலம், மலேரியா ஆகியவற்றைக் கேட்காமல் விடக் கூடாது. நடுவயதைக் கடந்த ஆணுக்கு இரும்புச்சத்துக் குறைவு உறுதியானால், மாத்திரையோடு நிறுத்தாமல் குடலில் எங்கே ரத்தம் கசிகிறது என்று பார்த்தே ஆக வேண்டும்.

படி 7: சிகிச்சை

ஜிடோவுடினே காரணம் என்றால், அதை மட்டும் மாற்றிவிட்டுச் சிகிச்சையைத் தொடர்வதே வழி. ஹீமோகுளோபின் 7.5-க்குக் கீழே போனாலும், தொடக்க அளவிலிருந்து கால் பங்குக்கு மேல் இறங்கினாலும் மாற்றம் அவசியமாகிறது. 12.8-இல் தொடங்கியவருக்கு 9.6-க்குக் கீழே போவதே இந்தக் கால் பங்கு. எண் இன்னும் "பரவாயில்லை" போலத் தோன்றும் என்பதுதான் இதிலுள்ள ஏமாற்று. மாற்றாக வழக்கமாகத் தரப்படுவது டெனோஃபோவிர். அதற்கு முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். அபாகவிர் என்ற வேறொரு மருந்தைத் தருவதானால், கடும் ஒவ்வாமையை முன்கூட்டிக் காட்டும் எச்.எல்.ஏ. பி5701 மரபணுப் பரிசோதனை செய்வது பாதுகாப்பு. முந்தைய சிகிச்சை பலன் தராததால் ஜிடோவுடினுக்கு வந்தவர் என்றால், வைரஸ் அளவைப் பார்க்காமல் ஒற்றை மருந்தை மட்டும் மாற்றுவது மருந்து எதிர்ப்புக்கு வழிவிடக்கூடும். அந்த முடிவை அனுபவமுள்ள மருத்துவரே எடுக்க வேண்டும்.

ரத்தம் ஏற்றுவது பொதுவாக 7-க்குக் கீழே போனால், அல்லது இதய நோய் உள்ளவருக்கு 8-க்குக் கீழே போனால். ஒரு யூனிட் ஏற்றினால் சுமார் 1 கிராம் உயரும். எரித்ரோபாய்ட்டின் ஊசியும் ஜிடோவுடின் ரத்தசோகைக்கு அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் உடலின் சொந்த எரித்ரோபாய்ட்டின் அளவு 500 மில்லியூனிட் அல்லது அதற்குக் குறைவாக இருப்பவர்களுக்கே பலன் எதிர்பார்க்கலாம். மருந்தை மாற்ற வழியிருக்கும்போது இந்த ஊசியை நாடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இரும்புக் குறைவு உறுதியானவருக்கு இரும்பு மாத்திரை கொடுக்கும்போதுதான் பெரிதும் கவனிக்கப்படாத ஒரு சிக்கல் எழுகிறது. இரும்பும் கால்சியமும் குடலில் டோலுடெக்ராவிருடன் பிணைந்து அதை உடல் உறிஞ்சாமல் தடுத்துவிடும். ரத்தசோகையைச் சரிசெய்யப் போய் வைரஸைத் தளரவிடும் நிலை இது. வெறும் வயிற்றில் எடுப்பதானால், டோலுடெக்ராவிரை இரும்பு மாத்திரைக்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பாகவோ 6 மணி நேரம் கழித்தோ எடுக்க வேண்டும். உணவோடு எடுப்பதானால் இரண்டையும் ஒன்றாகவே விழுங்கலாம். காலை 7 மணிக்கு டோலுடெக்ராவிர், 11 மணிக்கு இரும்பு என்று வைத்துக்கொண்டால் குழப்பமே இல்லை. அலுமினியம், மெக்னீசியம் கலந்த அமிலமுறி மருந்துகளுக்கும் இதே 2 மணி, 6 மணி இடைவெளி உண்டு. அவற்றுக்கு உணவோடு சேர்த்து எடுக்கும் சலுகை கிடையாது. இரும்பு மாத்திரையால் மலம் கறுக்கும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார்கள். தேநீரும் காப்பியும் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் என்பதால், அவற்றோடு சேர்த்து விழுங்கக் கூடாது.

பி12 குறைவு இருக்கிறதா என்று பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால், ரத்தம் தேறியதுபோலத் தோன்றி, நரம்புப் பாதிப்பு சத்தமில்லாமல் முற்றும்.

படி 8: தேறுவதைக் கண்காணித்தல்

ஜிடோவுடின் தொடங்கியவருக்கு 2, 4, 8, 12-ஆம் வாரங்களில் ஹீமோகுளோபின் பார்ப்பது நல்ல நடைமுறை. அதன்பின் இடைவெளியைக் கூட்டலாம். மருந்து மாற்றியவருக்கு முதலில் தெரியும் மாற்றம் ஹீமோகுளோபினில் இருக்காது. மஜ்ஜை விழித்துக்கொண்டதும் இளம் சிவப்பணுக்கள் முதலில் உயரும். ஹீமோகுளோபின் அதன் பின்னால்தான் வரும். இரண்டு மூன்று வாரமாகியும் இளம் சிவப்பணுக்கள் அசையவில்லை என்றால், காரணம் ஜிடோவுடின் மட்டும்தானா என்று ஆறாம் படிக்குத் திரும்ப வேண்டும். இரும்பு எடுப்பவருக்கு ஒரு மாதத்தில் குறைந்தது 1 கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறிய பின்னும் கையிருப்பு நிரம்ப ஏறத்தாழ 3 மாதங்கள் தொடர வேண்டும். எம்.சி.வி. மட்டும் உடனே இறங்காது. ஜிடோவுடின் காலத்தில் பிறந்த பெரிய சிவப்பணுக்கள் தம் 120 நாள் ஆயுளை முடித்து விலகும்வரை, ஹீமோகுளோபின் தேறிய பின்னும் அறிக்கையில் அந்த உயர்ந்த எண் சில மாதங்கள் நீடிக்கும். அதைப் பார்த்துப் புதிய மருந்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.